‘கணக்கு எனக்கு வராது’

பாட்டு வரும், கணக்கு வராது, இங்கிலீஷ் சுத்தமாக வராது. திறமை தானாகக் கிளம்பி வரவேண்டிய விருந்தாளி மாதிரி நாம் பேசுகிறோம். தஞ்சாவூரில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த ‘வராது’ காதில் விழாத நாளே இல்லை.

2025 சம்பா நடவு நேரம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பதினோராம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) காலாண்டுத் தேர்வில் கணக்கில் 9 மார்க். அதிலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். “எங்க வம்சத்துக்கே கணக்கு வராது மேடம். அவங்க அப்பாவுக்கும் வராது, எனக்கும் வராது” என்றார் அம்மா. பையன் தலை நிமிரவில்லை.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. நடவு ஆட்களைக் கூட்டிப் போகிறவர் அவர்தான். “ஏழு மா. மாவுக்கு ஆயிரத்து எழுநூறு பேசியிருக்கு. பதினொன்னாயிரத்துத் தொள்ளாயிரம் வரும். பதினாலு பேரு, ஆளுக்கு எண்ணூத்தம்பது. டீக்காசு தனி” என்று சொல்லி வைத்துவிட்டார். (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.) பேப்பர் இல்லை, பேனா இல்லை. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

பையன் கேட்டான்: “ஏம்மா, இப்ப நீ போட்டது என்ன?”

“அது கூலிக் கணக்குடா. பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற.”

இந்தப் பதிலைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வருஷக்கணக்காகப் பெருக்கியும் வகுத்தும் வருகிறவர், ‘கணக்கு வராது’ என்ற தீர்ப்பை மாற்றாமலே வைத்திருக்கிறார். செய்த வேலை அத்தனையும் கணக்கில் சேராமல் போய்விட்டது.

ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தன்திறன் நம்பிக்கை என்கிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார். இந்த நம்பிக்கை குறைந்தவர் முயற்சியைச் சீக்கிரம் விடுகிறார், விட்டதால் தோற்கிறார், தோல்வி பழைய நம்பிக்கைக்குச் சாட்சியாகிவிடுகிறது. இதை மாற்ற பண்டூரா நான்கு வழிகள் சொன்னார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. நாமோ மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, “உன்னால முடியும்டா” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

பையனோடு உட்கார்ந்து பின்னோக்கிப் போனால், இடறியது ஆறாம் வகுப்புப் பின்னத்தில். 2020-21இல் அவன் ஆறாம் வகுப்பு. கொரோனாவால் அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பு திறக்கவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வம்சத்தின் மேல் போட்ட பழி இது! உங்கள் பிள்ளைக்கும் எந்த வகுப்பில் எது விட்டுப்போனது என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். பத்துக் கணக்கைப் பார்த்து, ‘எத்தனை போடுவேன்’ என்று முதலில் எழுத வேண்டும். போட்டு முடித்தபின் ‘எத்தனை போட்டேன்’. முதல் நாள் 2 என்று எழுதினான், 6 சரி. மறுநாள் 3 என்று எழுதினான், 7 சரி. இரண்டு எண்ணையும் விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு பத்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

கேள்வித்தாள் கையில் வந்ததும் உள்ளங்கை வேர்ப்பதையே ‘எனக்கு வராது’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தான். கபடிக்குக் களம் இறங்குமுன்னும் இப்படித்தான் வேர்க்கும் என்று அவனே கண்டுபிடித்தான்.

இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு உதாரணம் என்றால் உடனே ராமானுஜன்தான். கும்பகோணத்தில் படித்தவர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் 9 மார்க் வாங்கிய பிள்ளைக்கு அவர் எட்டாத உயரம். மற்ற பாடங்களில் தவறி அவர் கல்லூரி உதவித்தொகையை இழந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட, பக்கத்துத் தெருவில் அரியர் வைத்துப் பாஸ் செய்த அக்கா பலமடங்கு உதவுவார்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். 1998இல் வெளியான, உளவியலாளர்கள் முல்லர், டுவெக் இருவரின் ஆய்வுகளில், “நீ புத்திசாலி” என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான கேள்வியில் இடறியதும் சோர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அதற்காக நம்பிக்கை ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னத்தை யாராவது உட்கார்ந்து சொல்லித்தரத்தான் வேண்டும்.

அரையாண்டில் அவன் பாஸ் மார்க்கைத் தாண்டினான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, கணக்கு வாத்தியாரிடம் தானே போய்ச் சந்தேகம் கேட்டது.

பொங்கலுக்கு அப்புறம் அம்மா வந்தபோது கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. ‘கணக்கு வராது’ என்று இத்தனை வருஷம் தட்டிக்கழித்த மகளிர் குழுவின் வரவு செலவுப் பொறுப்பை இப்போது அவர் ஏற்றிருந்தார். பத்தி பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்தது மகன்.