கடற்கரையில் மனை வாங்கும் முன்: உயர் அலைக் கோடு எங்கே என்று கேளுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ கிராமம் ஒன்றில் இடம் வாங்கி விடுதி கட்டலாம் என்ற எண்ணத்தில் மனைப்பிரிவு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். "கடலிலிருந்து 60 மீட்டர்" என்று சிவப்பு மையில் அச்சிட்டிருந்த அந்தத் தாளில் சாலை, தென்னை, நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. உயர் அலைக் கோடு மட்டும் இல்லை. கடற்கரையில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் அளவுகள் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991இல் முதலில் வெளிவந்த இவ்விதிகளின் அறிவிக்கை, 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல்நீர் ஏற்றம்) மிகுதியாக இருக்கும்போது நீர் நிலத்தில் எட்டும் எல்லையே உயர் அலைக் கோடு. நாம் போன அன்று ஈரமாக இருந்த மணலை வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். கடலை ஒட்டி, இக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் விதிக்குள் அடங்கும்.

ஊரகக் கடற்கரையில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் பகுதியானால் முதல் 50 மீட்டரும், மற்ற இடங்களில் முதல் 200 மீட்டரும் புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியாகும். இந்த 50 மீட்டர் சலுகையும், 2019 விதிப்படியான கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே பொருந்தும். ஆகவே 60 மீட்டர் என்பதை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்தானது.

அந்த மணல் வெற்றிடம் அல்ல. நாட்டுப்படகை இழுத்துப் போடுவதும், வலையைப் பிரித்துச் சிக்கெடுப்பதும், பெண்கள் நெத்திலியைப் பரப்பிக் காயவைப்பதும் அங்கேதான். கரைவலை இழுப்பவர்கள் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடக்க நீண்ட மணல்வெளி வேண்டும். நடுவே ஒரு வேலி வந்தால் அந்தத் தொழில் அங்கே நின்றுவிடும். ஏற்காட்டு ஏரியைச் சுற்றி விடுதிகள் பெருகியதைப் பார்த்த நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். இதனால்தான் தடைப்பகுதிக்கு அப்பால் அனுமதி பெறும் விடுதிகள்கூடப் பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்லும் வழியை மறிக்கக் கூடாது, இரண்டு விடுதிகளுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும், மணல்மேடுகளைச் சமப்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை விதிக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதிகள் நிலத்தடி நீர் எடுக்கவும் தடை உண்டு. கிணற்றில் உப்பேறினால் முதலில் குடிநீரை இழப்பது பக்கத்துக் குடியிருப்புதான்.

எனக்கு மிகவும் சரியாகப் படுவது வேறொரு பிரிவு. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல், பயணிகளைத் தங்கவைத்து வருமானம் ஈட்டலாம் என்று 2019 விதி சொல்கிறது. சேலத்திலிருந்து செல்லும் குடும்பம் தரும் வாடகை அந்த வீட்டுக்கே நேராகப் போய்ச் சேரும்.

வாங்கும் எண்ணமிருந்தால், மனையின் புல எண்ணை ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் பொருத்திக் காட்டுமாறு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். ஆட்சியர் தலைமையிலான அக்குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இடம்பெற வேண்டும். எங்கள் உறவினர் விற்பவரிடம் புல எண்ணைக் கேட்டிருக்கிறார். அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறார்.