பாய்வுப்படம்: ஒரு சொல், மூன்று பெயர்கள்

பினாங்கில் ஒரே படத்துக்கு மூன்று பெயர் காதில் விழும். தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அது 'ஃப்ளோசார்ட்'. அரசாங்க அலுவலக முகப்பில் 'கார்த்தா அலிர்'. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் காட்டினால் 'நிரலொழுங்கு வரைபடம்' என்று சொல்லும். முதல் இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது வேறு சங்கதி, அதைப் பிறகு சொல்கிறேன். தமிழில் இதற்குப் பாய்வுப்படம் என்று எழுதுவதே சரி என்பது என் கட்சி.

ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் வழி பிரிகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் காட்டுவது பாய்வுப்படம். கணினி நிரலுக்கும் வரையலாம், கடை நடத்தும் முறைக்கும் வரையலாம். இங்கே நான் பேசுவது இரண்டாவது வகையை: ஒரு வணிகத்தின் தகவல் முறைமையை, அதாவது ஆர்டர், டிஓ (சரக்கோடு போகும் ஒப்படைப்புச் சீட்டு), இன்வாய்ஸ், ரசீது, கணக்குப் பதிவு என்று ஓடும் அத்தனையையும், படமாக எழுதி வைப்பதை.

சொல்லின் பிற்பாதியிலிருந்து தொடங்குவோம். 'சார்ட்' என்பதன் மூலம் கிரேக்கத்தின் 'கார்த்தேஸ்', பாப்பிரஸ் தாள். அது லத்தீனில் 'கார்த்தா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதே கிரேக்கச் சொல் அரபியில் 'கிர்தாஸ்' ஆகி, மலாயில் 'கெர்தாஸ்' என்று காகிதத்தைக் குறிக்கிறது. ஆக, 'கார்த்தா'வும் 'கெர்தாஸ்'உம் தூரத்துச் சொந்தம். நம் பாட்டிமார் ஊருக்கு எழுதிய கடுதாசியும் இந்தக் குடும்பத்தில்தான் சேரும். அது போர்த்துகீசியம் வழி வந்தது என்று அகராதிகள் காட்டும். மலாயின் 'அலிர்' என்றால் நீர் ஓடுவது.

படம் பிறந்த இடம் கணினி அறை இல்லை, தொழிற்பட்டறை. ஃபிராங்க் கில்பிரத் என்ற அமெரிக்கர் செங்கல் அடுக்கும் வேலையில் தொடங்கியவர். ஒரு கல்லை வைக்கக் கொத்தனார் செய்யும் அசைவுகளை எண்ணி, தேவையில்லாதவற்றை வெட்டியவர். மனைவி லில்லியன் உளவியல் படித்தவர். இருவரும் சேர்ந்து 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் 'செயல்முறைப் படம்' என்ற முறையை முன்வைத்தார்கள். அந்தச் சங்கமே 1947இல் குறியீடுகளுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. அதே 1947இல், பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் கணினிக்கு நிரல் திட்டமிடும் அறிக்கையில் 'பாய்வு' என்ற பெயரோடு தங்கள் படங்களை வரைந்தார்கள். பட்டறையும் கணினியும் அன்றைக்குத் தனித்தனித் தெரு. பிறகுதான் இரண்டும் ஒன்று கலந்தன.

நடுவில் பென் கிரகாம் என்பவர் செய்த காரியம் நமக்கு முக்கியம். பொருளின் பாதையை வரைந்த முறையை அவர் அலுவலகத் தாளுக்குக் கொண்டுவந்தார். ஒரு படிவம் நான்கு நகலாகப் பிரிந்தால் நான்கு கோடு. ஒவ்வொரு நகலும் எந்த மேசைக்குப் போகிறது, எங்கே கோப்பில் அடைகிறது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். தணிக்கையாளர்கள் இன்றும் வரையும் ஆவணப் பாய்வுப்படத்தின் அடிப்படை இதுதான்.

குறியீடுகளுக்கு 1985இல் ஐஎஸ்ஓ 5807 என்ற உலகத் தரநிலை வந்தது. தொடக்கமும் முடிவும் நீள்வட்டம் மாதிரியான கட்டம், செயல் செவ்வகம், முடிவெடுக்கும் இடம் சாய்சதுரம், உள்ளே வருவதும் வெளியே போவதும் இணைகரம். அடிப்பக்கம் அலைபோல் வளைந்த கட்டம் என்றால் ஆவணம். உருளை என்றால் தரவுத்தளம். தரவைச் சேமித்த காந்தத் தட்டுகள் அடுக்கடுக்காகச் சுழன்ற காலத்தின் மிச்சம் அது. தரவைத் துளைகளாகக் குறித்த பழைய கணினி அட்டையான துளையட்டைக்கும் அந்தத் தரநிலையில் ஒரு குறியீடு உண்டு, மூலை வெட்டிய செவ்வகமாக. துளையட்டையை இன்றைக்கு அருங்காட்சியகத்தில்தான் பார்க்க வேண்டும்.

நம் மலேசியாவில் இந்தப் படம் பரவியதற்குப் பெரிய காரணம் அரசாங்கம்தான் என்று நினைக்கிறேன். 1991ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது நிர்வாக மேம்பாட்டுச் சுற்றறிக்கை, ஒவ்வோர் அலுவலகமும் 'மனுவல் புரோசிடுர் கெர்ஜா' (வேலை நடைமுறைக் கையேடு) வைத்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஊழியரும் 'ஃபைல் மேஜா' (மேசைக் கோப்பு) வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அதற்குள் வேலைப் பாய்வுப்படமும் சரிபார்ப்புப் பட்டியலும் இருக்கும். மாற்றலாகி வரும் கிராணி (எழுத்தர்) முதல் நாளே அதைப் புரட்டி வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் அலை வந்தது. பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் படம் சுவரேறியது. லெபோ பாசார் பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் இது தேவைப்படவில்லை. முறை முழுவதும் முதலாளியின் தலையிலும் பழைய கணக்கப்பிள்ளையின் விரல்நுனியிலும் இருந்தது.

இப்போது அந்தக் கடைகளுக்கும் தேவை வந்துவிட்டது. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தது, 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது, 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி இ-இன்வாய்ஸ் கட்டங்கட்டமாக வந்தது. பத்து வருடத்துக்குள் மூன்று முறை பில் போடும் முறையே மாறியிருக்கிறது. தலையில் வைத்திருப்பவர் ஓய்வுபெற்றால் கூடவே முறையும் வீட்டுக்குப் போய்விடும்.

மளிகை மொத்த வியாபாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உணவுக்கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறார். கிராணி அதை மென்பொருளில் பதிகிறார். 'கையிருப்பு உள்ளதா?' என்று முதல் சாய்சதுரம். இருந்தால் டிஓ மூன்று நகல் அச்சாகிறது: ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று வாடிக்கையாளரின் கையெழுத்தோடு லாரி ஓட்டுநர் வழியாகத் திரும்ப, ஒன்று ஸ்டோருக்கு. பிறகு இன்வாய்ஸ். அது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் முறைமைக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணோடு திரும்புகிறது. தவறு இருந்தால் வாங்கியவர் நிராகரிக்கக் கோரலாம், விற்றவர் ரத்து செய்யலாம், ஆனால் சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். தாண்டிவிட்டால் ரத்து கிடையாது. தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டோ கூட்டும் டெபிட் நோட்டோ போட வேண்டும்.

பத்தியாக எழுதும்போது இது ஒழுங்காகத்தான் தெரியும். வரைய உட்கார்ந்தால்தான் ஓட்டைகள் தெரியும். கையிருப்பு இல்லை என்றால் அம்பு எங்கே போகிறது? பாதிச் சரக்கை அனுப்புவதா, ஆர்டரையே நிறுத்துவதா, யார் முடிவு? ஸ்டோர் நகல் ஸ்டோருக்குப் போகிறது, சரி, அப்புறம்? அதை யாரும் எதனோடும் ஒப்பிடவில்லை என்றால் கோடு அந்தரத்தில் தொங்கும். ஓட்டுநரிடமிருந்து கையெழுத்து நகல் திரும்புவதற்கு முன்பே இன்வாய்ஸ் போய்விடுகிறதா? அப்படியானால் இரண்டு மூட்டை குறைவாக இறங்கிய செய்தி கிராணிக்கு எட்டுவதற்குள் அந்த 72 மணி நேரம் ஓடத் தொடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய இன்வாய்ஸுக்குத் திங்கட்கிழமை மாலையோடு கெடு முடிகிறது, கடை ஞாயிறு அடைப்பு என்பதைப் பற்றி முறைமைக்குக் கவலையில்லை. இதையெல்லாம் கேட்க வைப்பது அந்தச் சாய்சதுரம். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு வாயும் திறந்திருக்கும். ஒன்றை மூடாமல் விட்டால் படம் முடியாது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நம் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் நிரலொழுங்கு வரைபடம், ஐ-திங்க் என்ற சிந்தனை வரைபடங்கள் எட்டில் ஒன்று. மலாயில் 'பெத்தா அலிர்'. விதை நட்டான், முளைத்தது, காய்த்தது என்று நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டுவது. அழகான சொல். நிரல் என்றால் வரிசை. இலக்கணத்தில் நிரல்நிறை அணி என்பதிலும் அந்தப் பொருள்தான், கணினியில் நிரல் என்பதும் கட்டளைகளின் வரிசைதான். ஆனால் அதில் சாய்சதுரம் இல்லை. வழி பிரியாது, திரும்பி வராது. ஒழுங்கு என்ற சொல்லும் எல்லாம் வரிசைப்படி நடக்கும் என்றே சொல்கிறது. கையிருப்பு இல்லாத நாளும் நிராகரித்த இன்வாய்ஸும் அதற்குள் அடங்காது. ஆகவே பள்ளிச் சொல்லைப் பள்ளிக்கே விட்டுவிடலாம்.

பாய்வு என்ற சொல்லில் பிரிவதும் உண்டு. வாய்க்காலில் வரும் தண்ணீரை மடையில் மண்ணை வெட்டி ஒரு பக்கம் விடுவது, அடைத்து மறுபக்கம் திருப்புவது எல்லாம் பாய்ச்சலின் பகுதி. தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்களில் பாய்வுப்படம் என்று ஏற்கெனவே நிலைத்த சொல். இலங்கையில் 'பாய்ச்சற் கோட்டுப்படம்' என்பார்கள். அதுவும் பிழையில்லை, ஆனால் மலேசியக் காதுக்குப் பாய்ச்சல் என்றால் புலிதான் முதலில் வரும். 'ஓட்டப்படம்' என்று எழுதலாமே என்பார்கள். தியேட்டரில் நூறு நாள் ஓடிய படம் என்று நினைத்துக்கொள்வார்கள், வேண்டாம். சார்ட் என்பதற்கு நம் கணிதப் பாடத்தில் 'குறிவரைவு' உண்டு: பட்டைக் குறிவரைவு, வட்டக் குறிவரைவு. அவை எண்களைக் காட்டுபவை. பாய்வுப்படத்தில் அளவைக் காட்டும் எண் எதுவும் கிடையாது என்பதால் 'படம்' போதும்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கி, வேலை யார் வரிசைக்குள் இருக்கிறது என்று காட்டும் வகை ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றி 'நீச்சல் தடம்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். படித்தவர் நீச்சல் குளத்தைத் தேடியிருப்பார். துறைவாரிப் பாய்வுப்படம் என்றால் எவருக்கும் விளங்கும்.

கட்டத்துக்குள் எழுதும் தமிழுக்கும் ஒரு வார்த்தை. செவ்வகத்தில் 'டிஓ அச்சிடப்படுகிறது' என்று எழுதாதீர்கள். யார் அச்சிடுவது என்பது அதில் ஒளிந்துகொள்கிறது. 'கிராணி: டிஓ அச்சிடு' போதும், கட்டமும் சிறிதாகும். கோப்பு, ரசீது, பேரேடு போன்றவை நம்மிடம் பழகிய சொற்கள், அவற்றைப் பயன்படுத்தலாம். டிஓவையும் இன்வாய்ஸையும் மொழிபெயர்க்கப் போனால், கையில் இருக்கும் தாளிலும் திரையிலும் உள்ள பெயர் ஒன்றாகவும் சுவரில் உள்ள பெயர் வேறாகவும் ஆகிவிடும். அவற்றை அப்படியே விடுவது நல்லது. சாய்சதுரத்துக்குத் தமிழ் நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு மூன்று நான்கு சொல் தேவைப்படும் இடத்தில், நமக்கு ஈற்றில் ஓர் 'ஆ' சேர்த்தால் முடிந்தது: 'வந்ததா?', 'பொருந்துகிறதா?', '72 மணி தாண்டியதா?' கிளைகளில் 'ஆம்', 'இல்லை' என்று எழுத மறக்க வேண்டாம். பல படங்களில் அம்பு இரண்டு இருக்கும், எது எது என்று எழுதியிருக்காது. வரைந்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அந்த இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று யாரைக் கேட்பது?