கொலோசியத்தின் மணலுக்கு அடியில்

ரோமில் கொலோசியத்தின் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தால், கிளாடியேட்டர்கள், அதாவது மக்கள் பார்க்க ஆயுதமேந்திச் சண்டையிட்ட வீரர்கள், மோதிய தரையைக் காணோம். அந்த இடத்தில் பெரிய பள்ளம். அதற்குள் செங்கல் சுவர்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. பார்ப்பதற்குச் சிறைக்கூடம் போலிருக்கும் அந்த இடம், உண்மையில் ஓர் இயந்திரக்கூடம். கட்டடத்தின் மற்ற எந்தப் பகுதியையும்விட அதைத்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பேன்.

பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய இந்த அரங்கை, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் 100 நாள் விழாவோடு திறந்துவைத்தார். அப்போது இந்தப் பாதாளம் இல்லை. களத்தில் நீரை நிரப்பிக் காட்சி நடத்தியதாகவும், அந்த விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். அடுத்து ஆட்சிக்கு வந்த தம்பி டொமிஷியன் காலத்தில்தான் தரைக்கு அடியில் இரண்டு தளங்கள் எழுந்தன. அதன்பின் களத்தில் நீர் நிரப்ப வழியில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வித்தை கைக்கு வந்தது: வெறும் மணலிலிருந்து திடீரென்று சிறுத்தை பாயும்!

சுமார் 83 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டக் களம் அது. மரப்பலகைகளைப் பரப்பி, மேலே மணலைக் கொட்டியிருந்தார்கள். வழுக்காமல் கால் ஊன்றவும் ரத்தத்தை உறிஞ்சவும் மணல். பலகைகளுக்கு நடுவே ஆங்காங்கே திறந்து மூடும் கதவுகள். மணல் மூடியிருப்பதால் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று பார்வையாளருக்குத் தெரியாது.

கதவுக்குக் கீழே, இரண்டு தள உயரத்துக்கு ஒரு மர உருளை செங்குத்தாக நிற்கும். அதன் அடிமுனை தரையில் பதித்த வெண்கலக் குழியில் சுழலும். உருளையிலிருந்து நீண்ட கைத்தண்டுகளை, மேல்தளத்தில் நால்வரும் கீழ்த்தளத்தில் நால்வருமாகத் தள்ளிக்கொண்டு செக்குமாடுபோல் சுற்றி வருவார்கள். கயிறு உருளையில் சுற்றிக்கொள்ள, கப்பிகளின் வழியே கூண்டு மேலேறும்.

எட்டுப் பேரால் இது எப்படி முடிந்தது? நெம்புகோல் தத்துவம்தான். கைத்தண்டின் நீளம் உருளையின் ஆரத்தைப்போல் 5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 கிலோ எடைக்கு நிகரான விசையில் தள்ளினாலும் எட்டுப் பேருக்கு 160. கயிற்றில் அது 800 ஆகிவிடும். உராய்வில் ஒரு பங்கு போனாலும் விலங்கோடு கூண்டைத் தூக்க அது தாராளம். பதிலுக்கு, கூண்டு 1 மீட்டர் ஏற அவர்கள் 5 மீட்டர் நடக்க வேண்டும். இருட்டிலும் புழுக்கத்திலும், தலைக்கு மேல் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே அந்த நடை. அவர்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சுவர்களில் உள்ள துளைகளையும் வெட்டுகளையும் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தவர் ஜெர்மானியர் ஹைன்ஸ்-யூர்கன் பெஸ்டே. இப்படி 60 உருளைகள் இருந்தன, 40 விலங்குக் கூண்டுகளுக்கு, 20 காட்சிப் பலகைகளை உயர்த்துவதற்கு என்பது அவர் கணக்கு. 2015-இல் ஒரு லிஃப்ட்டை மரத்தில் மறுபடி கட்டி அங்கேயே நிறுவினார்கள். ஓர் ஓநாயை ஏற்றி மேலே விட்டும் பார்த்தார்கள். வேலை செய்தது.

விழா நாளில் காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் மரண தண்டனைகள், பிற்பகலில் கிளாடியேட்டர் சண்டை. சண்டையின் ஜோடிகளையும் கணக்குப் போட்டே சேர்த்தார்கள். வலையும் சூலமும் ஏந்திய ரெட்டியாரியஸ் வகை வீரருக்கு எதிராக வரும் செக்யூட்டர் வகை வீரரின் தலைக்கவசம் மழமழவென்று இருக்கும், வலை சிக்காமலிருக்க. கண்களுக்குச் சிறு துளைகள் மட்டும், சூலமுனை நுழையாமலிருக்க. அதனாலேயே அவருக்குப் பார்வையும் மூச்சும் குறையும். சண்டை நீண்டால் கவசப் பளு குறைந்த ரெட்டியாரியஸுக்கு லாபம். இத்தனை நுட்பமான அறிவு மனிதரைக் கொல்லும் காட்சிக்குப் பயன்பட்டதை, வியக்கும்போதே நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

பாதாளத்தைச் சீரமைத்து 2021-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சாதாரண நுழைவுச்சீட்டு போதாது. பாதாளமும் சேர்ந்த சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே போனால் தரையையும் கவனியுங்கள், உருளைகள் நின்ற வட்டக் குழிகள் இருக்கும். கிழக்கே போகும் சுரங்கவழி, கிளாடியேட்டர் பயிற்சிப் பள்ளியான லூடஸ் மாக்னஸுக்குச் சென்றது. அதன் இடிபாட்டைத் தெருவில் நின்றே, சீட்டில்லாமல் பார்க்கலாம்.