வந்து போகிறவர்களும் கூட இருப்பவர்களும்

பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ப்புத் தாய்மாரின் பொறுப்பில் தனித்தனி வீடுகளில் வளரும் குழந்தைகள் கிராமத்தை முதன்முறையாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் நெகிழ்கிறார்கள். "எவ்வளவு பாசமான பிள்ளைகள்! பார்த்தவுடன் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்களே!" அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு அந்தக் காட்சி கவலையைத்தான் தருகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் தயக்கமே இல்லாமல் போய் உட்காரும் நான்கு வயதுக் குழந்தை, தனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று இன்னும் நம்பத் தொடங்கவில்லை. கிடைக்கிற மடி எதுவானாலும் போதும் என்ற நிலையில் அது இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அதே குழந்தை புதியவரைக் கண்டதும் வளர்ப்புத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டால், அதை நல்ல செய்தியாகப் பதிவேட்டில் எழுதுகிறோம்.

பெற்றோரை இழந்த குழந்தைக்கு அன்பு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அன்பு ஓரிருவரிடமிருந்து, நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் வர வேண்டும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நல்ல மனதோடு வரும் பலர் ஆளுக்கொரு மணி நேரம் கொஞ்சிவிட்டுப் போவதும், காய்ச்சல் கண்ட இரவில் ஒருவர் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் குழந்தைக்கு ஒன்றல்ல.

குழந்தைகள் கிராமம் என்ற அமைப்பே இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவில் ஏராளமான பிள்ளைகள் பெற்றோரை இழந்து நின்றார்கள். சுவிட்சர்லாந்தின் ட்ரோகன் என்ற ஊரில் 1946-இல் அவர்களுக்காக ஒரு குழந்தைகள் கிராமம் எழுந்தது. 1949-இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் என்ற ஊரில் ஹெர்மன் க்மைனர் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பின் முதல் குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கினார். அவர் சிறு வயதிலேயே தாயை இழந்து மூத்த அக்காவின் கையில் வளர்ந்தவர். மாதம் ஒரு ஷில்லிங் கொடுங்கள் என்று சாதாரண மக்களிடம் கேட்டுத்தான் பணம் திரட்டினார். ஒரு தாய், உடன்பிறப்புகள், ஒரு வீடு, அத்தகைய வீடுகள் சேர்ந்த ஒரு கிராமம் ஆகிய நான்கையும் அவர் அடிப்படையாக வைத்தார். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதை அக்காவிடம் வளர்ந்தவருக்கு யாரும் கற்றுத்தந்திருக்க வேண்டியதில்லை என்று நான் நினைப்பதுண்டு.

அவர் அனுபவத்தால் அறிந்ததைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். 1989 டிசம்பரில் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு விடுதிகளில் கிடப்பது உலகுக்குத் தெரியவந்தது. அங்கே புக்கரெஸ்ட் நகரில் பின்னர் தொடங்கிய ஓர் ஆய்வு, இரண்டரை வயதுக்கு உட்பட்ட 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி, விடுதியிலேயே இருந்தவர்களுடையதைவிட முன்னேறியது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. விடுதிகளில் உணவும் உடையும் கிடைத்தன. ஒருவரே தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் நிலைதான் அங்கே இல்லை.

இனி கிராமத்தின் அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். புதிதாக வந்த குழந்தைக்கு முதல் வாரங்களில் கொஞ்சலைவிட ஒழுங்குதான் ஆறுதல் தருகிறது. விடிந்தால் யார் எழுப்புவார், பள்ளி விட்டு வரும்போது வாசலில் யார் நிற்பார், இரவு விளக்கை யார் அணைப்பார் என்பதெல்லாம் நாள்தோறும் ஒரே மாதிரி நடக்கும்போதுதான் பயம் மெல்லக் குறைகிறது. பசியை அறிந்து வந்த பிள்ளைகள் சாப்பாட்டை ஒளித்துவைப்பது வழக்கம். தலையணைக்கு அடியில், பள்ளிப் பையில், காலணிக்குள்கூடக் கண்டெடுத்திருக்கிறோம். அதைத் திருட்டு என்று கண்டித்தால் பழக்கம் ஆழமாகும். எங்கள் வளர்ப்புத் தாய்மார் அந்தக் குழந்தைக்கென்று மூடியோடு ஒரு டப்பா கொடுத்து, இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லி, அது காலியாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருநாள் அந்த டப்பாவைத் திறக்கவே மறந்துபோகிற அளவுக்குக் குழந்தைக்கு நிம்மதி வந்துவிடும்.

மூத்த பிள்ளைகளின் சிரமம் வேறு. தம்பி தங்கைகளைத் தானே வளர்த்துக்கொண்டு வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு, திடீரென்று ஒரு பெரியவர் வந்து "இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விளையாடு" என்று சொல்வது நிம்மதியைத் தராது. தன்னிடம் எஞ்சியிருந்த ஒரே பொறுப்பையும் பிடுங்கிக்கொண்டதாகவே அவளுக்குப் படும். அனுபவமுள்ள தாய் முதலில் அவளிடமே கேட்பார்: "தம்பி எப்படித் தூங்குவான்? அவன் அழுதால் நீ என்ன செய்வாய்?" கேட்டுக் கேட்டு, அவள் சொன்னபடியே செய்து காட்டி, அந்தச் சுமையை மெல்ல மெல்லத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வார். இதற்கு ஓராண்டு ஆனாலும் ஆகட்டும்.

இறப்பைப் பற்றிப் பேசுவதில் உறவினர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அம்மா வெளியூர் போயிருக்கிறாள், தூங்குகிறாள், கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றெல்லாம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வெளியூர் போனவள் ஏன் திரும்பவில்லை என்று குழந்தை காத்திருக்கிறது. தூங்கியவள் எழுந்திருக்கவில்லை என்பதால் தானும் தூங்கப் பயப்படுகிறது. நாங்கள் தெளிவான சொற்களில் சொல்கிறோம்: "அம்மா இறந்துவிட்டார். இறந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள். நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை." இதில் மூன்றாவது வாக்கியத்தை எந்தக் குழந்தையிடமும் விட்டுவிடக் கூடாது. சிறு பிள்ளைகள் தங்கள் குறும்பாலோ கோபத்தாலோதான் பெற்றோர் போய்விட்டார்கள் என்று உள்ளூர நம்புவதுண்டு. இந்தக் கேள்விகள் ஆலோசனை அறையில் வருவது அபூர்வம். தலை துவட்டும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போது வருகின்றன. அதனால் சமூகப் பணியாளரைவிட வளர்ப்புத் தாய்க்குத்தான் இந்தப் பயிற்சி முக்கியம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்க்கைக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறோம். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், கிடைத்த ஓரிரு புகைப்படங்கள், பாட்டி சொன்ன சின்னச் சின்னச் செய்திகள், குழந்தை முதன்முதலில் நடந்த இடம் என எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு இவற்றையெல்லாம் யாராவது பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் தேடித் தொகுத்தால்தான் உண்டு.

பள்ளியைப் பற்றி ஒரு வேண்டுகோள். 'ஹோம் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் யாரும் சொல்ல வேண்டாம். உதவித்தொகைக்கான படிவமோ இலவச நோட்டுப் புத்தகமோ, எதுவாக இருந்தாலும் தனியே அழைத்துக் கொடுக்கலாம். குடும்ப மரம் வரையச் சொல்லும் வீட்டுப்பாடத்தை, 'உன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களை வரைந்து வா' என்று மாற்றினாலே போதும். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வாழும் மற்றப் பிள்ளைகளுக்கும் அது நிம்மதி.

பிள்ளைகள் தங்கள் குடும்பத்திலேயே வளர உதவும் வகையில், கிராமத்துக்கு வெளியே நாங்கள் செய்யும் வெளிவேலைதான் பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத பகுதி. என் பார்வையில் எங்கள் பணியில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்தவர்களையும் சேர்த்து யுனிசெஃப் 2015-இல் மதிப்பிட்டபோது, உலகில் பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏறத்தாழ 14 கோடிப் பேர். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அவர்களில் ஏறத்தாழ 1.5 கோடிப் பேர்தான். பெரும்பாலான பிள்ளைகள் உயிரோடிருக்கும் தாயிடமோ தந்தையிடமோ, பாட்டி தாத்தாவிடமோ, சித்தி மாமாவிடமோதான் வளர்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களும் இதையே காட்டுகின்றன. "இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வரும் தாயிடம் பொறுமையாகப் பேசினால், பிள்ளையைப் பிரிய அவர் விரும்பவே இல்லை என்பது தெரியும். கணவர் இறந்தபின் வாடகை கொடுக்க முடியவில்லை. வேலைக்குப் போனால் சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்காததால் உதவித்தொகைக்கு மனுப் போட முடியவில்லை. இவற்றில் எதற்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது மருந்தல்ல.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை பெற்றோரின் பராமரிப்பு கிடைக்காத குழந்தைகளுக்காக 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் இதைத் திட்டவட்டமாகச் சொல்கின்றன. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகத்தான் வறுமையைப் பார்க்க வேண்டும். நல்ல குழந்தைகள் கிராமமும் இந்த நெறிக்கு உட்பட்டதுதான். கிராமத்தில் இடம் காலியாக இருக்கிறது என்பது ஒரு குழந்தையைச் சேர்ப்பதற்குக் காரணம் ஆகாது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதனால் எங்கள் வெளிப்பணியாளர்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டியோடு அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கிராமத்தின் பகல்நேரக் காப்பகத்தைத் திறந்துவைக்கிறோம். பெண்களின் சேமிப்புக் குழுவுக்குக் கூடும் இடம் தருகிறோம். குடித்துவிட்டு வரும் தந்தையைச் சிகிச்சைக்கு அனுப்புவது, வேலை கற்றுக்கொடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுவது, பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளையை மீண்டும் சேர்ப்பது எனப் பட்டியல் நீளும். ஒரு குடும்பம் தன் காலில் நிற்கச் சில ஆண்டுகள் ஆகலாம். இந்த வேலையில் படம் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது, ஆகையால் நன்கொடை திரட்டுவதும் கடினம். புதுக் கட்டடத்துக்குப் பணம் தர முன்வருகிறவர்களிடம் ஒரு வெளிப்பணியாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று இப்போதெல்லாம் நேராகவே கேட்கிறேன்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் விளையாட்டுத் திடலுக்கும் நூலகத்துக்கும் வருகிறார்கள், எங்கள் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மதில் எவ்வளவு உயரமோ அவ்வளவு கடினமாகிவிடும், பிள்ளை பெரியவனாகி வெளியே போகும் நாள்.

பார்வையாளர்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பிறந்தநாளன்று பரிசுகளோடு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுத்து, படம் எடுத்துச் செல்லும் வழக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். வரிசையில் நின்று கை நீட்டும்போது அந்தக் குழந்தை தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பொதுவில் பகிரப்படும் படம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே இருக்கும். வேலை கேட்டுப் போகும் இளைஞனின் பெயரோடு சேர்ந்து அவன் ஏந்திய தட்டும் வரும். ஓரிரு வாரத் தன்னார்வப் பணியும் அப்படித்தான். ஒட்டிக்கொள்ளவிட்டுப் பிரிவது, ஏற்கெனவே இழந்தவர்களுக்கு இன்னொரு இழப்பு. விடுதிகளில் தன்னார்வச் சுற்றுலாவால் விளையும் தீங்கை 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானமே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

ஒரு இல்லத்துக்குப் பணம் கொடுக்கும் முன் தாராளமாகக் கேள்வி கேளுங்கள். அரசுப் பதிவு இருக்கிறதா? ஒரு தாயின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? அந்தத் தாய்க்கு விடுப்பும் ஓய்வூதியமும் உண்டா? வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர்? பிள்ளைகள் முறையிட யாரிடம் போகலாம்? கடந்த ஆண்டில் எத்தனை பேர் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? முன்பின் சொல்லாமல் வந்து பிள்ளைகளோடு தனியே நேரம் செலவிட உங்களை உடனே அனுமதிக்கும் இடம் என்றால், வேறு எவரையும் அப்படியே அனுமதிக்கும் என்று பொருள். அங்கே கொடுக்காதீர்கள். பின்னணி விசாரித்து, விதிகளைச் சொல்லி, காத்திருக்கச் சொல்லும் இடத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளைத்தான் நினைக்கிறார்கள். என் தூக்கத்தை அதிகம் கெடுப்பது பதினெட்டு வயதை நெருங்கி, தனியே வாழப் போகிறவர்களைப் பற்றிய கவலை. குடும்பத்தில் வளர்ந்த இளைஞர் முதல் சம்பளம் போதாவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம். எங்கள் பிள்ளைகள் பதினைந்து வயதிலிருந்தே வங்கிக் கணக்கு நடத்தவும், சமைக்கவும், தனியே மருத்துவரைப் பார்க்கவும் பழகுகிறார்கள், ஆவணங்களெல்லாம் அவர்கள் கையில் கோப்பாக இருக்கின்றன. அப்படியும் வாடகைக்கு அறை தேடும்போது "ஜாமீன் யார்?" என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். வேலை விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவர் பெயர் எழுத ஆள் தேடுகிறார்கள். பண்டிகை விடுமுறையில் தாங்கள் தங்கியிருக்கும் விடுதி மூடினால் எங்கே போவது என்று தெரியாமல் கிராமத்துக்கே போன் செய்கிறார்கள், அவர்களுக்கான அறையை நாங்கள் பூட்டுவதில்லை. இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களின் உதவி எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. உங்கள் பட்டறையிலோ அலுவலகத்திலோ பயிற்சிக்கு ஓர் இடம், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து, மாதம் ஒருமுறை அழைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பது. கடைசியில் சொன்னதற்குக் குறைந்தது மூன்றாண்டு உறுதி கேட்கிறோம். பின்னணி விசாரணையும் இரண்டு நாள் பயிற்சியும் முடித்த பிறகுதான் ஒரு இளைஞரை உங்களுக்கு அறிமுகப்படுத்துவோம். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு அந்த இளைஞருடையது.