முடிவுச் சீட்டில் கையெழுத்து போடும் முன்…

போன ஞாயிற்றுக்கிழமை 11 வயதுக்குட்பட்டோருக்கான ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும்) செஸ் போட்டி. நான் நடுவர்களில் ஒருவன். ஏழு ரவுண்டும் முடிந்து மேடையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு அப்பா வேகமாக வந்தார். “சார், மூணாவது ரவுண்டுல என் பையன்தான் ஜெயிச்சான். தோல்வின்னு போட்டிருக்கீங்க. அவனுக்கு அஞ்சு இல்ல, ஆறு பாயிண்ட். ரெண்டாவது கப் அவனுக்கு வரணும்.”

முடிவுச் சீட்டுகளின் கட்டிலிருந்து அந்த ஆட்டத்தின் சீட்டைத் தேடி எடுத்தேன். பென்சிலில் 1-0 என்று அழுத்தி எழுதியிருந்தது. கீழே இரண்டு குழந்தைகளின் கையெழுத்தும் இருந்தன. எழுதியது அவர் பையன். அவன் ஆடியது கருப்பு.

இந்த ஆண்டில் மட்டும் எனக்கு இது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

சீட்டில் முதலில் வருவது வெள்ளையின் புள்ளி. கருப்பு ஜெயித்தால் 0-1. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு ‘எனக்கு ஒண்ணு’ என்பதுதான் தோன்றும். அந்த ஒன்றை முதலில் எழுதிவிடும். தோற்ற குழந்தை அழுகையை அடக்கிக்கொண்டு, பார்க்காமலே கையெழுத்து போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 8.7 இதைத் தெளிவாகவே சொல்கிறது: இருவரும் கையெழுத்திட்ட முடிவு, தவறாகவே இருந்தாலும், நடுவர் வேறு மாதிரி தீர்மானிக்காத வரை நிற்கும்.

“கம்ப்யூட்டர்ல ஒரு நம்பரை மாத்துறதுக்கு என்ன சார் இவ்வளவு?” இதைத்தான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அந்த நம்பர் அந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

சுவிஸ் முறையில் ஒரே புள்ளி வைத்திருப்பவர்களைத்தான் ஒருவரோடு ஒருவர் மோத வைக்கிறோம். மூன்றாவது ரவுண்டுக்கு முன் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் தலா 2 புள்ளி. ஜெயித்தவனுக்கு 3 வந்திருக்க வேண்டும், பட்டியலில் 2 என்றே நின்றது. அதனால் நாலாவது ரவுண்டில் மூன்று புள்ளிக்காரர்களோடு மோத வேண்டியவன், இரண்டு புள்ளிக்காரனோடு மோதினான். அதன் பிறகும் ஒரு படி கீழேயே ஆடிக்கொண்டு வந்தான். தோற்ற குழந்தையோ 3 புள்ளியோடு மேல் போர்டுகளுக்குப் போய், தன்னைவிட வலுவானவர்களிடம் அடுத்தடுத்து அடி வாங்கியது. கடைசியில் அவனுக்கு ஒரு புள்ளியை மட்டும் கூட்டி ஆறு என்று போட்டால், மேல் போர்டில் போராடி ஐந்தரை எடுத்த குழந்தைகளை அவன் தாண்டிவிடுவான். இது அவர்களுக்கு நியாயமா? டை-பிரேக்குக்கு, அதாவது சம புள்ளி எடுத்தவர்களில் யார் முன்னால் என்று முடிவு செய்யப் பார்க்கும் புக்கோல்ட்ஸ், எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். அதனால் அந்த இருவரோடும் ஆடிய மற்ற குழந்தைகளின் கணக்கும் இதில் மாறும்.

ஃபிடேயின் சுவிஸ் விதிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. முடிவுகளை ஒட்டியதும், அறிவித்த கெடுவுக்குள் வந்து சொன்னால் உடனே திருத்தி, அடுத்த பேரிங்கை (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலை) சரியான புள்ளியில் போடுவோம். பேரிங் வந்த பிறகு, ஆனால் அந்த ரவுண்டு முடிவதற்குள் சொன்னால், அதற்கடுத்த பேரிங்கில் சரியாகும். அதையும் தாண்டிவிட்டால், போட்டி முடிந்த பிறகு ரேட்டிங் (ஆட்டக்காரரின் தர எண்) கணக்குக்கு மட்டும்தான் திருத்தம். கோப்பைக்கு இல்லை.

அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மெதுவாக, “நாலாவது ரவுண்டு லிஸ்ட்லயே பார்த்தோம் சார். உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம்” என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஐயா, தொந்தரவு பண்ணுங்கள். அதற்காகத்தான் நாங்கள் அங்கே நிற்கிறோம்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. நூறு போர்டுக்கு நாலு நடுவர் வைத்தால், ஒவ்வொரு சீட்டையும் போர்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. எலக்ட்ரானிக் போர்டு உள்ள பெரிய போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுவில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் இருந்தால் வெள்ளைக்கு வெற்றி, கருப்புக் கட்டத்தில் இருந்தால் கருப்புக்கு, ஒன்று வெள்ளையிலும் மற்றது கருப்பிலும் இருந்தால் டிரா. சாதாரண போர்டிலும் குழந்தைகளுக்கு இதைப் பழக்கலாம் என்பது என் எண்ணம். ரேபிடில் நகர்த்தல்களை எழுதும் கட்டாயம் இல்லை. காய்களைக் கலைத்துவிட்டால் எங்களுக்கு வேறு சாட்சியே கிடையாது.

அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. ஐந்தாவது ரவுண்டு முடிந்து பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அங்கிள், நான் தோத்துட்டேன். எனக்கு ஒண்ணு போட்டிருக்கு.” எதிராளி அதைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த பேரிங்குக்கு முன்பே திருத்திவிட்டோம். பக்கத்தில் நின்ற அவள் அம்மா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தவறு உங்கள் குழந்தைக்குச் சாதகமாக இருக்கும்போதும் வந்து சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜன்னல் வழியே ஜாடை காட்டாதீர்கள். ஆட்டத்தில் தவறு எதையாவது பார்த்தால் நடுவரிடம் மட்டும் சொல்லுங்கள், குழந்தையிடம் வேண்டாம். “அவன் உன் கிளாஸ்மேட்தானே, டிரா பண்ணிக்கோ” என்று காதில் ஓதி அனுப்பாதீர்கள், அது முன்கூட்டியே பேசி வைத்த முடிவு. போனும் ஸ்மார்ட் வாட்சும் அரங்குக்குள் வரவே கூடாது. 2003-இல் அப்போதைய ஃபிடே உலக சாம்பியன் பொனொமரியோவ், ஐரோப்பிய அணிப் போட்டியில் போன் ஒலித்ததற்காகவே ஆட்டத்தை இழந்தார்.

அடுத்த போட்டிக்கு வரும்போது முதல் வேலையாக, முடிவுகளை எங்கே ஒட்டுவார்கள், கெடு எத்தனை நிமிடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவே வீட்டில் ஒரு காகிதத்தில் 1-0, 0-1, ½-½ மூன்றையும் எழுதிக் காட்டி, எது யாருக்கு என்று குழந்தையையே சொல்ல வையுங்கள். கருப்பில் ஜெயித்தால் என்ன எழுதுவாய் என்று இரண்டு தடவை கேளுங்கள்.