சொல் விளக்கம்: பூட் – கணினித் தொடக்கம்

மதுரையில் கணினி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "சிஸ்டம் பூட் ஆகலைண்ணே" என்று வாடிக்கையாளர் சொல்வார். "ஓ.எஸ். போயிருச்சு, ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுரலாம்" என்று பல கடைகளில் பதில் வரும். வந்தவர் சொன்ன கோளாறு ஒன்று, கடைக்காரர் சொல்வது வேறொன்று. பூட் ஆகவில்லை என்றால் இயங்குதளம் (ஓ.எஸ்.) அழிந்துவிட்டது என்று பொருளாகாது. இந்த வேறுபாடு தெரியாததால் ஆய்வேடுகளும் குடும்பப் படங்களும் கணக்குகளும் தேவையே இல்லாமல் அழிகின்றன. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பூட் என்ற சொல்லை அதன் வேரிலிருந்தே பார்ப்போம்.

சொல் வந்த வழி

பூட் என்பது பூட்ஸ்ட்ராப் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். உயரமான தோல் பூட்சின் மேல்விளிம்பில் ஒரு வார் தைத்திருப்பார்கள். காலை உள்ளே நுழைக்கும்போது அதைப் பிடித்து இழுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், 'தன் பூட்ஸ் வாரைத் தானே இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது' என்றால் நடக்கவே முடியாத காரியம் என்று பொருள். பிறர் உதவி இல்லாமல் சொந்த முயற்சியில் மேலே வருவது என்ற பொருள் பிறகு ஏறியது. (தொழில் தொடங்குகிறவர்கள் பேசும் பூட்ஸ்ட்ராப்பிங்கும் இதிலிருந்து வந்ததுதான். அதற்குக் 'கைமுதலில் நடத்துவது' என்ற நல்ல வழக்கு நம்மிடம் முன்பே இருக்கிறது.)

கணினித் துறை 1950களில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அப்போது அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் போட்டவுடன் நினைவகம் வெறுமையாக இருக்கும். நாடாவிலோ அட்டையிலோ இருக்கும் நிரலை அதற்குள் கொண்டுவர ஒரு நிரல் தேவை. அந்த நிரலை யார் உள்ளே கொண்டுவருவது? 1952இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701 கணினியில் இதற்காகவே ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் தொடக்கத்தில் உள்ள மிகச் சில கட்டளைகள் மட்டும் உள்ளே வரும். வந்தவை அடுத்த கட்டளைகளை இழுத்துவரும், அவை இன்னும் பெரியதை இழுத்துவரும். தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற பெயர் அதற்குப் பொருந்திவிட்டது. இன்றைய மடிக்கணினியிலும் நடப்பது இதேதான்.

பூட்டு அல்ல

பூட் என்பது தமிழ்ப் 'பூட்டு' என்றும், ஏர் பூட்டுவது போலத்தான் கணினி பூட்டுவதும் என்றும் சிலர் ஆர்வத்தோடு சொல்வார்கள். சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கம் அறிந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது. அதோடு 'கணினியைப் பூட்டு' என்றால் கடவுச்சொல் போட்டு அடை என்றுதான் இன்று எவருக்கும் புரியும். அந்த வழி வேண்டாம்.

துவக்கமா, தொடக்கமா

தமிழாக்கப்பட்ட மென்பொருள்களில் துவக்கு, துவக்கம், துவக்க ஏற்றி (பூட்லோடர், இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்) என்ற சொற்களைப் பார்க்கலாம். தொடக்கம், தொடக்க ஏற்றி என்று எழுதுவோரும் உண்டு. பொருள் ஒன்றுதான். நான் தொடக்கத்தின் பக்கம். துவக்கு என்றால் இலங்கைத் தமிழில் துப்பாக்கி என்பது ஒரு சிறிய காரணம். பெரிய காரணம் வேரில் இருக்கிறது.

தொடங்கு, தொடக்கு, தொடர், தொடை எல்லாம் 'தொடு' என்னும் வேரைச் சுற்றி நிற்பவை. தொடு என்றால் கைபடுவது மட்டும் இல்லை. ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதும்தான். பூவைத் தொடுக்கிறோம், வழக்குத் தொடுக்கிறோம். பழந்தமிழில் தொடக்கு என்பதற்குக் கட்டு, பிணைப்பு என்ற பொருளும் உண்டு. கணினி எழுந்து வரும் செயலும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்கும் தொடர்தான். மதர்போர்டில் இருக்கும் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) தொடக்க ஏற்றியைத் தொடும், ஏற்றி இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடும், கெர்னல் மற்றவற்றை எழுப்பும். ஆங்கிலச் சொல்லில் தன்னைத் தானே தூக்குவது முன்னே நிற்கிறது. தமிழ்ச் சொல்லில் தொடர் முன்னே நிற்கிறது. பழுது பார்ப்பவருக்கு இந்தத் தமிழ்ப் பார்வையே அதிகம் உதவும்.

நம் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துப் பாருங்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். கடைசிக் கண்மாய் வறண்டு கிடந்தால் ஊர்க்காரர்கள் அதை மூடிவிட்டுப் புதுக் கண்மாய் வெட்டுவதில்லை. கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, அடைப்பு எங்கே என்றுதான் தேடுவார்கள். பூட் ஆகாத கணினியிலும் செய்ய வேண்டியது அதுவே. ஃபார்மட் என்பது கண்மாயையே மூடுவது.

இருவழித் தொடக்கம்

டூயல் பூட் என்பதை 'இரட்டைத் தொடக்கம்' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. அதைப் படிப்பவருக்கு இரண்டு இயங்குதளமும் சேர்ந்து ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எதற்குப் போவது என்று தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் 'இருவழித் தொடக்கம்' என்பது சரியாக அமையும்.

தமிழ்நாட்டில் பல இளைஞர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்தது பள்ளியில்தான். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் (இந்தியாவில் உருவான ஒரு லினக்ஸ் வகை) லினக்சும் சேர்த்தே கொடுத்தார்கள். கணினியைத் திறந்ததும் வரும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்து, லினக்சை அழித்தவர்கள் நிறையப் பேர். அழித்த பிறகு விண்டோசும் வராமல் போய்த் திண்டாடியவர்களும் உண்டு. ஏன் அப்படி ஆனது என்பதற்குத் தொடரின் கண்ணிகளைப் பார்க்க வேண்டும்.

கண்ணிகள்

முதல் கண்ணி நிலைபொருள். மதர்போர்டிலேயே இருப்பது. பழைய கணினிகளில் இதன் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. இந்தச் சின்ன இடத்தில் ஒரே ஒருவர்தான் உட்கார முடியும். லினக்ஸ் இருக்கும் கணினியில் பிறகு விண்டோசை நிறுவினால், அது அந்த இடத்தில் தன்னை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் கோப்புகள் ஒன்றும் அழியாது, ஆனால் அதற்குப் போகும் வழி மறைந்துவிடும். 'முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்' என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

புதிய கணினிகளில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. இதில் வட்டில் தனியாக ஒரு சிறு பிரிவு ஒதுக்கி, ஒவ்வொரு இயங்குதளமும் தன் ஏற்றியைத் தனித்தனி அடைவில் வைத்துக்கொள்கிறது. யாருக்கு முதலிடம் என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. இடச்சண்டை தீர்ந்தது, வரிசைச் சண்டை வந்தது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் வந்தால், பெரும்பாலும் இந்த வரிசைதான் மாறியிருக்கும். கணினியை இயக்கியதும் எஃப்2, எஃப்12 அல்லது டெலீட் விசையை அழுத்தி நிலைபொருள் அமைப்புக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும். இதற்கு ஃபார்மட் அடிப்பது பெருங்கொடுமை.

அடுத்த கண்ணி தொடக்க ஏற்றி. விண்டோசுக்கு விஸ்டா காலத்திலிருந்து பூட்மேனேஜர். லினக்சில் பெரும்பாலும் கிரப். கிராண்ட் யுனிஃபைடு பூட்லோடர் என்பதன் சுருக்கம் அது. இயற்பியலில் பேசப்படும் மகா ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின் பெயரை ஒட்டி, 1995இல் அதை எழுதத் தொடங்கிய எரிக் போலின் வைத்த பெயர். எல்லா இயங்குதளங்களையும் ஒரே ஏற்றி எழுப்ப வேண்டும் என்ற ஆசை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கடைசிக் கண்ணி கெர்னலும் அதற்கு மேலுள்ள இயங்குதளமும். 'ஓ.எஸ். போயிருச்சு' என்பது இந்தக் கண்ணி உடைந்தால் மட்டுமே சொல்ல வேண்டிய வார்த்தை.

திரை எங்கே நிற்கிறது

எதையும் தொடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பென்டிரைவில் லினக்சை ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள் (இதை லைவ் பென்டிரைவ் என்பார்கள்). வட்டில் உங்கள் கோப்புகள் தெரிந்தால் வெளி ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பழுது பார்க்கலாம். விண்டோஸ் பிரிவு பிட்லாக்கரால் (வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். நிலைபொருளில் சில அமைப்புகளை மாற்றினாலும் விண்டோஸ் அதைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்துக்குரிய சாதனம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றால், முதல் கண்ணியே அடுத்ததைத் தொடவில்லை. நிலைபொருள் அமைப்புக்குள் போய் வட்டின் பெயர் தெரிகிறதா பாருங்கள். அங்கேயே தெரியவில்லை என்றால் கேபிளோ வட்டோதான் பழுது. மென்பொருளில் தேடிப் பயனில்லை.

'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்பதுதான் பலரையும் கலங்கடிக்கும் திரை. கிரப்பின் முதல் துண்டு எழுந்துவிட்டது, மீதித் துண்டுகளைத் தேடிக் காணவில்லை என்று அது சொல்கிறது. இடம் போதவில்லை என்று விண்டோசுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பிரிவை அழித்தால் இதுதான் நடக்கும், ஏனென்றால் கிரப்பின் மீதித் துண்டுகள் அந்தப் பிரிவில்தான் இருந்தன. விண்டோஸ் பத்திரமாக இருக்கும். யு.இ.எஃப்.ஐ. கணினியில் வரிசையில் விண்டோசை முதலில் வைத்தால் வந்துவிடும். பழைய பயாஸ் கணினியில் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவின் பழுதுபார்ப்புப் பகுதிக்குப் போய் அந்த முதல் 512 பைட்டில் இருக்கும் தொடக்க நிரலை மட்டும் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும்.

லினக்சை அழிக்காமலே கிரப் கெட்டிருந்தால், லைவ் பென்டிரைவிலிருந்து அதன் பிரிவை இணைத்து, உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவி, பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும். பூட் ரிப்பேர் என்ற கருவி இதைப் பெரும்பாலும் தானே செய்துவிடும். கவனிக்க வேண்டியது, வட்டில் இயங்குதளம் எந்த முறையில் நிறுவப்பட்டதோ பென்டிரைவும் அதே முறையில் எழ வேண்டும். ஒன்று பயாஸ் முறை, மற்றது யு.இ.எஃப்.ஐ. முறை என்றால் பழுது பார்க்கும் வேலை தப்பான இடத்தில் போய் விழும். இரண்டு இயங்குதளங்களும் வெவ்வேறு முறையில் நிறுவப்பட்டிருந்தால் ஒரே பட்டியலில் இரண்டையும் கொண்டுவர முடியாமல் போவதும் இதனால்தான்.

கிரப் பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸ் மட்டும் இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 2021இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை பாதுகாப்புக்காக இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அந்தத் தேடலை இயக்கிவிட்டு, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும். லினக்சைத் தேர்ந்தெடுத்த பிறகு நின்றால், அதே பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் நுழைந்து பாருங்கள். விண்டோசைத் தேர்ந்தெடுத்த பிறகு, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வந்தால், லினக்ஸ் நிறுவும்போது யாராவது நிலைபொருள் அமைப்பில் வட்டோடு பேசும் முறையை ஏ.எச்.சி.ஐ. என்பதற்கு மாற்றினார்களா என்று கேளுங்கள். பழையபடி வைத்தால் எழுந்துவிடும்.

செக்யூர் பூட் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் கையொப்பத்தைச் சோதித்த பிறகே அதை எழுப்பும் ஏற்பாடு இது. விண்டோஸ் 8 காலத்தில் பரவியது. 'பாதுகாப்பான தொடக்கம்' என்பதைவிடச் 'சரிபார்த்த தொடக்கம்' அதன் வேலையை நன்றாகச் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பல இருவழிக் கணினிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது. பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய ஏற்றிகளை நம்ப வேண்டாம் என்று அந்த அப்டேட் நிலைபொருளுக்குச் சொல்லிவைத்ததுதான் காரணம். சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்சுக்குள் போய் அந்த அப்டேட் சொல்லிவைத்த 'நம்ப வேண்டாம்' என்ற விதியை நீக்கி, ஏற்றியைப் புதுப்பித்துவிட்டு மறுபடி சரிபார்ப்பை இயக்குவதே தீர்வாக இருந்தது.

சேர்ந்து வரும் சொற்கள்

ரீபூட் மறுதொடக்கம். பூட் மெனு தொடக்கப் பட்டியல். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் விரைவுத் தொடக்கம். இந்தக் கடைசியை இருவழிக் கணினியில் நிறுத்தி வைப்பது நல்லது. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் தன் கெர்னலை வட்டில் உறங்க வைத்துவிட்டுப் போகும். அந்த நிலையில் லினக்சிலிருந்து விண்டோஸ் பிரிவைத் திறந்தால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும்.

இருவழிக் கணினியில் விண்டோசின் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், அதையும் பூட் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். தொடக்கத்தில் ஒரு பழுதும் இல்லை. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படித்துக்கொள்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால் அந்த வித்தியாசம் அப்படியே தெரிகிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்சுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.