லோடர் பின் ஏன் உடைகிறது?

டிராக்டரில் லோடர் மாட்டி மண் அள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கிரீஸ் தவறாமல் அடிக்கிறேன், ஆனாலும் பக்கெட் பின் உடைந்துவிட்டது. இரும்பு மட்டமா?”

பின் என்பது பக்கெட்டை லோடர் கையோடு இணைக்கும் உருண்டை இரும்புத் தண்டு. அது உடைந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி வழவழப்பாக, வளைந்த கோடுகளோடு இருக்கும், மிச்சம் சொரசொரப்பு. அந்தக் கோடுகள், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்த தடங்கள். சொரசொரப்பான இடம் மட்டும்தான் கடைசியில் பட்டென முறிந்தது. கண் திருஷ்டி என்று சொல்லிப் பழியை யார் மீதோ போடுவது எனக்கு உடன்பாடில்லை. வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்று இரும்பே காட்டுகிறது.

சரி, எதனால்? இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது, அந்தச் சுழற்சியே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தண்டை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க வைக்கிறது. உலோகமும் உலோகமும் உரசுவதே அரிது. லோடர் பின்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தன்னைச் சுற்றியிருக்கும் உலோகக் குழலான புஷ்ஷுக்குள் அது மெதுவாகக் கொஞ்சம் அசையும், அப்படியே திரும்பும். திரும்பும் இடத்தில் வேகம் பூஜ்யம். படலம் உருவாக வழியே கிடையாது. சுமை எப்போதும் ஒரே பக்கம் அழுத்துவதால் அங்குள்ள கிரீஸ் பிதுங்கிப் போய்விடுகிறது. பக்கெட்டைத் தூக்கி நிறுத்தியபடி கிரீஸ் அடித்தால், புதுக் கிரீஸும் இடைவெளி இருக்கும் எதிர்ப்பக்கமாகவே வழிந்து வெளியேறும். பார்ப்பவருக்கு நிறைந்த மாதிரி தெரியும். தேயும் பக்கமோ வறண்டு கிடக்கும்!

அதனால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பின் மேல் பாரம் இல்லாதபோது அடியுங்கள். நாலு தடவை ஏற்றி இறக்கிவிட்டு, அப்புறம் மறுபடி அடியுங்கள். பல லோடர் கையேடுகள் 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை என்கின்றன. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ் நல்லது: கிரீஸ் பிதுங்கினாலும் அதன் மெல்லிய அடுக்குகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்.

தேய்ந்தால் ஆட்டம் வரும். மெதுவாக ஏற்றாமல் திடீரென விழும் சுமை இரு மடங்கு அழுத்தம் தரும். ஆட்டம் இருந்தால் அதற்கும் மேல். 30 மில்லிமீட்டர் பின் 27 ஆகத் தேய்ந்தால் வளைவைத் தாங்கும் வலு 27 சதவீதம் குறைகிறது.

பின்னைச் சுழலாமல் பிடிக்கும் சின்ன போல்ட் அடிக்கடி அறுபடுகிறதா? பின் புஷ்ஷோடு இறுகிக்கொண்டிருக்கலாம். தடித்த போல்ட் போட்டோ, வெல்டிங் வைத்தோ சமாளிக்காமல் கழற்றிப் பாருங்கள். புஷ் நீள்வட்டமாகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பின்னை மட்டும் மாற்றினால் அந்த ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.